ஒரு கால், ஒரு தாடை, ஒரு பொட்டு ஈயம்

மாதபா
3 செப்டம்பர் 2002

என் தங்கை மகள் அரீஜுக்கு,

பூமியில் பிறந்த எவரும் நம்பப் போகாத ஒரு கதையை உனக்கு எழுதப் போகிறேன் என்று, ஆட்டுக்கறியின் மேலும் அதை மெல்ல முடியாத என் வாயின் மேலும் ஆணையிட்டு உறுதி கூறுகிறேன். நீ நம்பாவிட்டால் அது கதையின் குற்றமில்லை, உன்னை வளர்த்தவர்களின் குற்றம்.

டெலிபோனில் சொல்லலாமே என்பாய். மேல்தாடையையும் கீழ்த்தாடையையும் கம்பி போட்டுப் பூட்டிவிட்டார் மருத்துவர். ஐம்பத்தாறு வருஷம் நிற்காமல் ஓடிய இயந்திரம், மகளே. இப்போது பல்லிடுக்கில் ஓர் உறிஞ்சுகுழல் நுழையும் அளவுக்குத்தான் வழி. நேற்று கடைத்தெருவில் என் மௌனத்தைக் கேட்டு இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள்.

போன வெள்ளிக்கிழமை அஸ்ரக் பக்கத்துக் களிமண் வெளியில் நடந்தது ரிமோட் கார் பந்தயம் என்று உனக்குச் சொல்லியிருப்பார்கள். அது போர். என் கார் கிளம்பிய வேகத்தில் வானத்தில் ஒரு கீறல் விழுந்தது. அதன் புழுதியில் இரண்டு ஒட்டகங்கள் நரைத்தன. உன் அப்பனும் என் மச்சானுமாகிய நாயிஃப், ஓரமாக நின்று தன் காரை மார்போடு தூக்கிப் பிடித்து, எஞ்சினை முழு வேகத்தில் அலறவிட்டுச் சோதித்துக்கொண்டிருந்தான். என் கார் பாதையை விட்டு அவன் காலை நோக்கித் திரும்பியது. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. முழங்காலுக்குக் கீழே இன்னொரு முழங்கால் முளைத்தது போல அந்தக் கால் மடங்கியது.

தவறி நடந்ததா? இல்லை. நான்தான் ஏவினேன். போன மாதம் என் காரை, அத்தனை பேர் நடுவில், "கபாப் வண்டி" என்றான். கபாப் வண்டி கடித்துவிட்டது, அவ்வளவுதான்.

ஆனால் சொல்லாமல் அடிப்பவன் கோழை. ஆகவே ஏவிய கையோடு ஒரு கத்துக் கத்தினேன். சிரியா எல்லையில் காவல்காரர்கள் துப்பாக்கியைத் தூக்கினார்களாம். அந்தக் கத்தலில்தான் என் தாடை கழன்றது. நான் ஓடிப்போய்க் குனிந்தபோது, தரையில் கிடந்த உன் அப்பன் கையிலிருந்த காராலேயே என் முகத்தில் அறைந்தான் என்று ஊர் பேசுவது வதந்தி. ஏதோ கொசு உட்கார்ந்த மாதிரி ஒரு ஞாபகம்.

உன் அம்மா பெட்டியோடு வந்து என் சமையலறையைக் கைப்பற்றிவிட்டாள். அண்ணன் தாடையை உடைத்தவனோடு வாழமாட்டாளாம். கணவன் காலை உடைத்தவனோடு பேசவும் மாட்டாளாம். பேசாமலே, கறியையும் மோரையும் சோற்றையும் அரைத்து, குழலை என் பல்லிடுக்கில் குத்திவிட்டுப் போகிறாள்.

வெற்றிவாகை சூடிய உன் மாமன்,
ஃபவ்வாஸ்


இர்பித்
7 செப்டம்பர்

மாமா,

உங்கள் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். "நான்தான் ஏவினேன்" என்று சொந்தக் கையெழுத்தில் எழுதி, அதைத் தபாலிலும் அனுப்பியிருக்கிறீர்கள். சித்தப்பா பையன்கள் யாராவது பிரித்திருந்தால் இன்றைக்கு உங்கள் வீட்டில் பிணம் விழுந்திருக்கும்.

அப்பாவின் கால் இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது. தகடு வைத்துத் திருகியிருக்கிறார்கள். வலி வரும்போது கையில் கிடைப்பதை எறிகிறார். தேநீர்க் குவளை ஒன்றும் மிச்சமில்லை. ஆனால் அவர் திரும்பத் திரும்பச் சொல்வது காலைப் பற்றியே இல்லை.

"கால் போனா போகுது. அவன் அங்கேயே நின்னு பாத்துட்டு இருந்தான், அரீஜ். 'டேய், பாத்து'ன்னு ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை. என் கல்யாணத்துலேர்ந்து ஒரே தட்டுல கை வச்சு சாப்பிட்டவன்."

நீங்கள் கத்தியதாக எழுதியிருந்ததைச் சொன்னேன். "அவன் கத்துனா செத்தவனுக்கே கேக்கும், எனக்குக் கேக்காதா?" என்றார்.

உங்கள் கடையில் நடந்ததும் தெரியும். எங்கள் பக்கத்துப் பையன்கள் இரும்புக் குழாயோடு போய்க் கண்ணாடியை நொறுக்கி, உள்ளே இருந்த கழிப்பறைப் பீங்கான்களையும் உடைத்தார்களாம். அதை வீட்டில் உட்கார்ந்து சிரித்துச் சிரித்துச் சொன்னார்கள். மறுநாள் உங்கள் பக்கத்துப் பையன்கள் வந்து அப்பாவின் பிக்கப்பைக் கால்வாயில் கவிழ்த்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை. பெரியவர்கள் தலையிட்டு மாதக் கடைசி வரை தவணை வாங்கியிருக்கிறார்கள். அதுவரை யாரும் யார்மேலும் கை வைக்கக் கூடாது. அதற்குள் சமாதானம் ஆகவில்லையென்றால் அடுத்தது கண்ணாடியாக இருக்காது.

அப்பா ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். உங்கள் தாடையில் அறைந்து சிதறிய அவருடைய கார் பழையபடி ஓட வேண்டும். "அது எழுந்து நிக்கிற வரைக்கும் எந்தப் பெரிய மனுசனும் என் படி ஏற வேண்டாம்."

மற்ற பாகங்களைப் பூட்டிவிட்டேன். காருக்குள் இருந்து ரிமோட் சொல்வதைக் கேட்கிற ரேடியோவுக்கு உயிர் கொடுக்கிற சின்ன பேட்டரிக் கட்டு மட்டும் பிய்ந்து கிடக்கிறது. பெருநாளுக்கு உங்கள் காருக்குச் செய்து கொடுத்தேனே, அதே மாதிரி இன்னொன்று செய்யப் போகிறேன். கடையில் போன் பழுது பார்க்கிற என் சால்டரிங் அயர்ன் போதும்தானே? ஒரு வரி எழுதுங்கள். ஒரே ஒரு வரி.

அரீஜ்


மாதபா
10 செப்டம்பர்

மகளே,

ஒரு வரி: அந்த ஊசியைத் தொடாதே.

ஃபவ்வாஸிடம் ஒரு வரி கேட்டு ஒரு வரி பெற்றவர் உலகில் இல்லை என்பதால், மேலே படி.

உன் அயர்ன் போனின் நரம்பு தைக்கிற ஊசி. அந்த வேலையில் இர்பித் நகரத்திலேயே உனக்கு நிகர் கிடையாது, ஜின்களும் தங்கள் போனை உன் கடையில்தான் கொடுக்கின்றன. ஆனால் பேட்டரி செல் என்பது ஒட்டகம். ஊசியால் ஒட்டகத்தைச் சூடேற்றப் பார்த்தால் அது மொத்தச் சூட்டையும் குடித்துவிட்டு உன்னைப் பார்த்து அசைபோடும்.

போருக்குப் போகிறவள் ஆயுதம் தேர்ந்தெடுப்பது போல் தேர்ந்தெடு. அறுபது வாட்டுக்குக் கீழே எதையும் கையால் தொடாதே. எண்பது கிடைத்தால் முத்தமிட்டு வாங்கு. முனை உளி மாதிரி அகலமாக இருக்க வேண்டும். கூர்முனை கொடுத்து "இதுவும் போதும்மா" என்கிற கடைக்காரனின் மூக்கை அந்தக் கூர்முனையாலேயே திருத்து. ஈயம் என்றால், உள்ளே பிசின் ஓடுகிற மெல்லிய கம்பியாகக் கேள். குழாய் வேலைக்காரர்களின் அமிலப் பேஸ்டைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். நான் கழிப்பறை வியாபாரி, எனக்குத் தெரியும். அது செம்பைத் தின்று, உன் கையைத் தின்று, உன் பேரப்பிள்ளைகளையும் தின்னும். ஒரு ஈரப் பஞ்சு, ஒரு உப்புத்தாள், சூட்டில் சுருங்குகிற குழாயில் கொஞ்சம். படை தயார்.

செல்லின் தலையை உப்புத்தாளால் ரத்தம் வரும்வரை தேய். அயர்ன் சிவக்கிற கோபத்துக்கு வரட்டும். செல்லில் ஒரு பூச்சு, வயரில் ஒரு பூச்சு, பிறகு இரண்டையும் சேர்த்து ஒரே அடி. பட்டென்று எடு. நின்று கொஞ்சினால் செல் உள்ளுக்குள் வெந்துவிடும். ஆறும்வரை மூச்சுகூட விடாதே. ஆறியதும் பகைவனின் மீசையைப் பிடித்து இழுப்பது போல் இழு. மீசை வந்தால் அது பற்றே இல்லை.

பழைய செய்தி பற்றி: நான்தான் ஏவினேன். யார் கேட்டாலும் அதையே சொல். என் காரைப் பார்க்க வேண்டும் என்று எவனாவது சொன்னால், அதைக் கொல்லையில் ராணுவ மரியாதையோடு புதைத்துவிட்டேன் என்று சொல். உண்மையிலேயே புதைத்துவிட்டேன். உடைந்த கடையில் தியாகிகளான நாற்பது பீங்கான்களின் பக்கத்தில்.

மாமன்


இர்பித்
16 செப்டம்பர்

மாமா,

வாங்கிவிட்டேன். எண்பது வாட், உளி முனை. கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வீட்டுக்காரர் அனுப்புனாராம்மா?" என்றார். "இல்ல, சண்டைக்குப் போறேன்" என்றேன். பிசின் உள்ள கம்பியைப் பேசாமல் எடுத்துக் கொடுத்தார்.

நீங்கள் சொன்னால் கேட்கிற பெண்ணா நான்? முதலில் ஒரு பழைய செல்லை எடுத்து என் போன் அயர்னாலேயே பற்ற வைத்துப் பார்த்தேன். ஈயம் உருண்டையாக அழகாக உட்கார்ந்தது. பெருநாளுக்குச் செய்தபோதும் இப்படித்தான் இருந்தது. ஒரு வித்தியாசம், அன்றைக்கு நான் இழுத்துப் பார்க்கவில்லை. நேற்று இழுத்தேன். நகத்தால் சுரண்டின பொட்டு மாதிரி வந்துவிட்டது. ஈயம் வயரைப் பிடித்திருந்தது, செல்லைப் பிடிக்கவே இல்லை.

பிறகு பெரிய அயர்னால் செய்தேன். குறடு போட்டு இழுத்தபோது வயர் அறுந்தது, பற்று விடவில்லை.

அதற்கப்புறம் கடையை மூடிவிட்டு உட்கார்ந்திருந்தேன். பந்தயக் கார் வாங்கிய நாளிலிருந்து அப்பா சொல்வது நினைவுக்கு வந்தது. எஞ்சின் தனி எரிபொருளில் ஓடுவதால், ஓடும்போது ரேடியோ பேட்டரி அறுந்தால் கார் நிற்காது. வேகம் எந்த இடத்தில் இருந்ததோ அங்கேயே உறைந்துவிடும். பிரேக்கும் கிடையாது, திருப்பவும் முடியாது.

அம்மாவுக்கு டெலிபோன் போட்டேன். "கொல்லைல தோண்டுங்க, காரணம் கேக்காதீங்க" என்றேன். கேட்டாள், திட்டினாள், தோண்டினாள். "மூடியைத் திறந்து என்ன தெரியுதுன்னு சொல்லுங்க" என்றேன். "ஒரு வயர் தனியா தொங்குது. நுனியில மீன் கண்ணு மாதிரி ஒரு உருண்டை" என்றாள்.

நீங்கள் ஏவவில்லை. என் பற்றுதான் விட்டது. அப்பாவின் காலை உடைத்தது நான். ரிமோட்டை வைத்துக்கொண்டு நீங்கள் என்ன செய்தாலும் அந்தக் கார் கேட்டிருக்காது. நீங்களே காரைத் திறந்து பார்த்து, முதல் நாளே தெரிந்துகொண்டு, புதைத்துவிட்டு, ஒட்டகம் நரைத்தது என்று எனக்கு எழுதியிருக்கிறீர்கள்.

நேற்று மாலை தவணையையும் மீறிவிட்டார்கள். உங்கள் பக்கத்து ஸுஹைப், வாடகைக் கார் நிறுத்தத்தில் என் சித்தப்பா மகன் தலையில் ஸ்பானரால் அடித்தான். காது கிழிந்து தொங்கியது. சட்டையெல்லாம் ரத்தத்தோடு வீட்டுக்குள் வந்து, "இப்ப கைய அவுத்து விடுங்க" என்று அப்பாவிடம் கத்தினான். அப்பா அவனை அடக்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரியவர்கள் இருபத்தேழாம் தேதி வருகிறார்கள். அன்றைக்கு எல்லார் முன்னாலும் சொல்லப் போகிறேன்.

அரீஜ்


மாதபா
18 செப்டம்பர்

அரீஜ்,

சொல்லாதே.

கேள், பெண்ணே. பகைவன் உடைத்த கால் ஆண்பிள்ளைக்கு ஒரு பதக்கம். சாகும்வரை நொண்டிக்கொண்டே பெருமை பேசலாம். மகளின் கைப்பிழையால் உடைந்த காலை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான்? யாரை அடிப்பான்? அடிக்க ஆளில்லாத கோபம் உள்ளேயே சுற்றும். அதைவிட என்னை அடிக்கட்டும். என் முகம் அதற்கென்றே வார்க்கப்பட்டது, பழகியும்விட்டது.

உன் கடையையும் நினைத்துப் பார். "தகப்பன் காலை உடைத்த சால்டர்" என்று ஒருமுறை பேர் வந்துவிட்டால் எவன் உன்னிடம் போன் கொடுப்பான்?

நான் ஏவினேன் என்று ஒப்புக்கொண்டு, மருத்துவச் செலவோடு பத்து ஆடும் ஒரு மலையும் தருகிறேன். எதிரியாக இருப்பது எனக்கு நன்றாக வருகிறது. இந்த வேலையை என்னிடமிருந்து பிடுங்காதே.

ஸுஹைபின் காதைத் திருகி ஸ்பானரைப் பிடுங்கிவிட்டேன். பேச முடியாததால் அறைதான் கொடுக்க முடிந்தது.

கெஞ்சத் தெரியாத உன் மாமன்


இர்பித்
28 செப்டம்பர்

மாமா,

அடித்தவன் சமாதானம் முடியும் முன்பு வீட்டுக்குள் வரக்கூடாது என்பதால் நீங்கள் மாதபாவில் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்திருப்பீர்கள். கடிக்கவும் முடியாதே. ஆகவே நான் பார்த்ததை எழுதுகிறேன். ஒட்டகம் இல்லாமல்.

நேற்றுத் தொழுகை முடிந்து பெரியவர்கள் வந்தார்கள். கூடம் நிறைந்து, வாசலிலும் நாற்காலி போட்டார்கள். சித்தப்பா பையன்கள் சுவரோரமாக நின்றார்கள், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. காது கிழிந்தவன் கட்டோடு முதல் ஆளாக நின்றான். காப்பி வந்தது. தலைமை தாங்கி வந்த ஷேக் கோப்பையை வாங்கி, குடிக்காமல் தன் முன்னால் வைத்தார். கூட வந்த எல்லாரும் வைத்தார்கள். "நாங்க கேட்டு வந்தத நீங்க தர்றீங்கன்னு சொன்னாதான் குடிப்போம்" என்றார்.

அப்பா கோப்பைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். காப்பி ஆறிக்கொண்டே இருந்தது. சுவரோரத்தில் ஒருவன், "குடிக்காமலே எந்திரிச்சுப் போகட்டும், அப்புறம் நாங்க பாத்துக்கறோம்" என்றான். யாரும் அவனை அதட்டவில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

நான் உள்ளே போனேன். ஆண்கள் கூடத்துக்குள் பெண் வந்ததற்கே ஒரு முணுமுணுப்பு. புதுப் பேட்டரிக் கட்டோடு பழையபடி ஓடத் தயாராக இருந்த அப்பாவின் காரைக் கோப்பைகளுக்கு நடுவில் வைத்தேன். அம்மா அனுப்பிய உங்கள் பேட்டரிக் கட்டை அதன் பக்கத்தில் வைத்தேன். தொங்குகிற வயரோடு.

"அப்பா, மாமா ஏவல. பேட்டரி அறுந்து கார் தானா ஓடுச்சு. அத பத்த வச்சது நான். தப்பான அயர்ன்ல வச்சேன்."

அப்பா வயரை எடுத்து நுனியில் இருந்த உருண்டையை விரலால் தடவினார். பந்தயக்காரர் அல்லவா, நான் மேலும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பிறகு ஊன்றுகோலைத் தலைக்குமேல் ஓங்கினார். என்மேல் இறங்கப் போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

காரின்மேல் இறங்கியது. எத்தனை அடி என்று தெரியவில்லை. மூடி பறந்தது, சக்கரம் ஒன்று ஷேக்கின் மடியில் போய் விழுந்தது, காப்பி சுவரெல்லாம் தெறித்தது. காது கிழிந்தவனே பின்வாங்கி நின்றான். அப்பா அழுதுகொண்டே அடித்தார். ஊன்றுகோல் முறிந்த பிறகுதான் நிறுத்தினார்.

மூச்சு வாங்கக் குனிந்து, குப்பையிலிருந்து புது பேட்டரிக் கட்டைப் பொறுக்கினார். செல்கள் நசுங்கியிருந்தன. வயரை விரலில் சுற்றி, பல்லைக் கடித்து இழுத்தார். வரவில்லை. மறுபடி இழுத்தார். வரவில்லை.

"இது எந்த அயர்ன்?" என்றார்.

"எண்பது வாட். மாமா சொன்னாரு."

கட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஷேக்கைப் பார்த்து, "குடிங்க. கேட்டு வந்தது கிடைச்சாச்சு" என்றார். மிச்சமிருந்த கோப்பைகளில் காப்பி பச்சைத் தண்ணியாக ஆறியிருந்தது. எல்லாரும் தேன் குடிப்பது போல் குடித்தார்கள். காது கிழிந்தவன் ஸுஹைபின் அப்பாவுக்குக் கை கொடுத்தான், முகத்தைப் பார்க்காமல்.

அம்மாவை அழைத்து வர வெள்ளிக்கிழமை நாங்கள் வருகிறோம். அப்பாவும் வருகிறார். ஆனால் படுக்கப் போகும்முன் என்னைக் கூப்பிட்டார்.

"அவன்ட்ட எழுதிக் கேளு. அன்னிக்குக் கத்துனானா இல்லையா. ஒட்டகம் வேணாம், சிரியா வேணாம். ஆமாவா இல்லையா. இல்லன்னாலும் பரவால்ல, வந்துருவேன். ஆனா தெரியணும்."

நீங்கள் எழுதுவதில் எதை நம்புவது என்று எனக்கே தெரியாது.

அரீஜ்


மாதபா
30 செப்டம்பர்

அரீஜுக்கு, அவள் சத்தமாகப் படித்துக் காட்டப் போகிற என் மச்சான் நாயிஃபுக்கும்,

வெள்ளிக்கிழமைக்காக ஏழு ஆடுகளோடு பேச்சுவார்த்தை நடத்தியிருக்கிறேன், ஒன்று ராஜினாமா செய்யச் சம்மதித்துள்ளது. கம்பியை அறுக்க மருத்துவர் இன்னும் நாள் கேட்கிறார். அறுக்கும் அன்றைக்கு ராணுவத்தை நிறுத்தச் சொல்லியிருக்கிறேன், உள்ளே தேங்கிய பேச்சு உடைத்துக்கொண்டு வந்தால் சாக்கடல் நிரம்பிவிடும். ஆகையால் நீங்களெல்லாம் மெல்லுங்கள், நான் குழலில் உறிஞ்சிக்கொண்டே பார்க்கிறேன். என் தங்கை ரஸ்மிய்யா ஒருவழியாக என்னோடு பேசிவிட்டாள். "வாயத் திற" என்றாள். முடியாது என்று தெரிந்தே சொன்னாள்.

வானத்தில் கீறல் விழவில்லை. ஒட்டகங்களே அங்கு இல்லை, ஒரு நாய் இருந்தது, அதுவும் தூங்கிக்கொண்டிருந்தது. சிரியா எல்லையில் யாரும் துப்பாக்கியைத் தூக்கவில்லை. நாற்பது பீங்கான்கள் என்றேன், உடைந்தது ஒன்பது. என் தாடையைக் கழற்றியது கத்தலும் இல்லை, கொசுவும் இல்லை. மூன்றரைக் கிலோ கார், நல்ல கைப்பிடி, நல்ல குறி. நான் எதையும் ஏவவும் இல்லை. கையில் ரிமோட்டை வைத்துக்கொண்டு, அதை எல்லாப் பக்கமும் திருகிக்கொண்டு, பைத்தியக்காரன் மாதிரி ஓடினேன்.

இந்தக் கதையில் ஒரே ஒரு சின்ன இடம்தான் நிஜம். உன் எஞ்சின் உன் நெஞ்சோடு அலறிக்கொண்டிருந்தது, நாயிஃப், நீ குனிந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய். "காலை எடுடா" என்று கத்தினேன். இரண்டு தடவை.

ஃபவ்வாஸ்